28 நாள் காத்திருக்காமல் கான்கிரீட்டின் வலிமையைக் கணிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடத் தளப் பொறியாளர்கள், கட்டடவியல் மாணவர்கள், க்யூப் சோதனை அறிக்கையைத் தாமே படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் வீட்டு உரிமையாளர்கள் ஆகியோரிடமிருந்து அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. வலிமை எல்லா இடங்களிலும் மெகாபாஸ்கலில் குறிக்கப்படுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன் என்பதே ஒரு மெகாபாஸ்கல். எம்25 என்ற கான்கிரீட் தரப் பெயரில் உள்ள 25-உம் இதே அலகுதான்.

அமுக்க வலிமையைக் கணிக்கிறோம் என்றால் உண்மையில் எதைக் கணிக்கிறோம்?

150 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் வலிமையைக் கணிக்கிறோம். அந்த க்யூப் நன்றாக இறுக்கப்பட்டு, 27 டிகிரிக்கு இரண்டு டிகிரி கூடவோ குறையவோ உள்ள நீரில் 28 நாள் கிடந்து, ஈரம் உலராத நிலையில் இயந்திரத்தில் வைக்கப்பட்டு, நிமிடத்துக்கு 14 மெகாபாஸ்கல் என்ற வேகத்தில் சுமையேற்றப்பட்டு உடைய வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 516-இன் முறை. இவற்றில் எது மாறினாலும் எண்ணும் மாறும். உலர்ந்த க்யூப் ஈரமான க்யூபைவிடக் கூடுதல் வலிமை காட்டும். சிறிய க்யூப் பெரியதைவிடக் கூடுதலாகக் காட்டும். சுமையை விரைவாக ஏற்றினாலும் எண் கூடும்.

கட்டடத்தில் நிற்கும் தூண் இந்தச் சலுகைகள் எதையும் பெறுவதில்லை. வெயிலில் காய்கிறது, கம்பிக் கூட்டுக்கு நடுவே வைப்ரேட்டர் எட்டாத மூலைகள் அதில் உண்டு, நீர் மேலே கசிந்து ஏறுவதால் தூணின் தலைப்பகுதி அடிப்பகுதியைவிடப் பொதுவாக வலிமை குறைந்திருக்கும். இதை அறிந்துதான் கான்கிரீட் கட்டுமானத்துக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 456 வடிவமைப்பில் க்யூப் வலிமையை 0.67-ஆல் பெருக்கி, மேலும் 1.5-ஆல் வகுக்கச் சொல்கிறது. ஆகவே எந்தக் கணிப்பைப் பார்த்தாலும், அது க்யூபைப் பற்றியதா, கட்டடத்தில் உள்ள கான்கிரீட்டைப் பற்றியதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் எழும் பெரும்பாலான சச்சரவுகள் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே தொடங்குகின்றன.

எம்25 கேட்டால், கலவை வடிவமைப்பவர் 31.6 மெகாபாஸ்கலுக்குத் திட்டமிடுவது ஏன்?

எம்25 என்பது சராசரி வலிமையைக் குறிப்பதன்று. சோதனை முடிவுகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் 25-க்குக் கீழே போகக்கூடாது என்பதே அதன் பொருள். ஒரே ஆலையில், ஒரே கலவையில், ஒரே நாளில் எடுத்த க்யூப்களும் ஒரே எண்ணைத் தருவதில்லை என்பதால், சராசரியை மேலே தூக்கி வைத்தால்தான் கீழ்ப்பக்கம் சிதறும் முடிவுகள் எல்லைக்குள் நிற்கும். கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262-இன் 2019 பதிப்பின்படி, 25-உடன் திட்ட விலக்கத்தின், அதாவது முடிவுகளின் சிதறலை அளக்கும் எண்ணின், 1.65 மடங்கைக் கூட்ட வேண்டும். சொந்தச் சோதனைத் தரவு இல்லாத நிலையில் எம்25-க்குத் திட்ட விலக்கம் 4 என்று கொள்ளப்படுவதால், 25 + 6.6 = 31.6. அதே பதிப்பு மாற்றாகத் தரும் 25 + 5.5 என்ற கணக்கு 30.5 தருகிறது, இரண்டில் பெரியதையே எடுக்க வேண்டும்.

கணிப்பு என்பது ஒற்றை எண் அல்ல, சிதறலோடு கூடிய எண் என்பதை இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே ஒப்புக்கொண்டிருக்கிறது. "28-ஆம் நாள் 27 வரும்" என்று சொல்லும் கணிப்பு, எவ்வளவு கூடக்குறைய என்பதைச் சொல்லாவிட்டால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க இயலாது.

வலிமையைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது எது?

நீர்-சிமென்ட் விகிதம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் லூயிஸ் கல்விக்கூடத்தில் ஆய்வு செய்த டஃப் ஏப்ரம்ஸ் இதை 1918-இல் வெளியிட்டார். வேலை செய்வதற்கு ஏற்ற நெகிழ்வுள்ள கலவையாக இருக்கும் வரையில், வலிமை நீர்-சிமென்ட் விகிதத்தைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் குறைகிறது என்பது அவர் கண்டது. அவருக்கு முன்பே, 1890-களில், பிரான்சின் ரெனே ஃபெரே சிமென்ட்டின் கன அளவை சிமென்ட், நீர், காற்று மூன்றின் மொத்தக் கன அளவால் வகுத்து, அந்த விகிதத்தின் இருபடிக்கு வலிமை நேர்விகிதத்தில் அமையும் என்று எழுதியிருந்தார். ஃபெரேயின் விதி காற்றையும் கணக்கில் சேர்த்தது என்பதால், சரியாக இறுக்கப்படாத கான்கிரீட்டுக்கு அதுவே பொருத்தமானது என்பது என் கருத்து; ஆனால் எளிமை காரணமாக ஏப்ரம்ஸ் விதியே பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

இரண்டுக்கும் அடியில் உள்ள காரணத்தை விளக்கியவர் அமெரிக்கச் சிமென்ட் ஆய்வாளர் பவர்ஸ். சிமென்ட் நீரோடு வினைபுரிந்து உருவாகும் கூழ்மப் பொருள், அது நிரம்புவதற்குக் கிடைத்த இடத்தில் எவ்வளவு பங்கை நிரப்பியிருக்கிறது என்பதன் முப்படியைப் பொறுத்து வலிமை அமைகிறது என்று அவர் காட்டினார். சிமென்ட் தன் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காடு நீரை மட்டுமே வேதிவினையில் பிணைத்துக்கொள்கிறது. இன்னும் கொஞ்சம் நீர் கூழ்மத்தின் நுண்துளைகளில் தங்குகிறது. அதற்கு மேல் ஊற்றும் நீர் முழுவதும், பின்னர் வெளியேறியபின், வெற்றிடமாக நிற்கிறது. வலிமைக் கணிப்பு என்பது கடைசியில் வெற்றிடத்தைக் கணிப்பதுதான். செங்கல், காற்றுக்குமிழ்க் கட்டி, சுண்ணாம்புக் கலவை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த விதியை நம் தளத்தின் கலவைக்கு எப்படிப் பொருத்துவது?

பாடநூலில் உள்ள மாறிலிகளை எடுத்துப் போட்டால் பொருந்தாது. உங்கள் சிமென்ட், உங்கள் ஜல்லி, உங்கள் எம்-சாண்ட் ஆகியவற்றைக் கொண்டு மூன்று சோதனைக் கலவைகளாவது போட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கென்று வைத்துக்கொண்ட எண்கள் இவை: நீர்-சிமென்ட் விகிதம் 0.45-இல் 38, 0.50-இல் 33.2, 0.55-இல் 29 மெகாபாஸ்கல். ஒவ்வொரு 0.05 கூடும்போதும் வலிமை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. இந்த மூன்று புள்ளிகளை மடக்கைத் தாளில் இட்டால் நேர்கோட்டில் அமையும். அந்தக் கோட்டிலிருந்து 31.6-க்குரிய விகிதத்தை, அதாவது ஏறத்தாழ 0.52-ஐ, படித்துக்கொள்ளலாம். கோட்டின் இரு முனைகளுக்கு வெளியே அதை நீட்டிப் படிக்கக் கூடாது.

ஆய்வுக்கூடத்தில் வந்த வலிமை தளத்தில் குறைவது ஏன்?

பெரும்பாலும் மணலில் உள்ள ஈரத்தால். மேலே கண்ட எடுத்துக்காட்டில் ஒரு கனமீட்டருக்கு 360 கிலோ சிமென்ட், 180 லிட்டர் நீர், 700 கிலோ மணல் என்று கொள்வோம், விகிதம் 0.50. முந்தைய நாள் மழையில் நனைந்த மணலில் 3 விழுக்காடு மிகைநீர் இருந்தால், அதுவே 21 லிட்டர். அதைக் கழிக்காமல் முழு 180 லிட்டரையும் ஊற்றினால் விகிதம் 0.56 ஆகிவிடும், வலிமை 33-இலிருந்து 28.4 அளவுக்கு இறங்கும். யாரும் கூடுதலாக ஒரு வாளி நீர் ஊற்றவில்லை என்று மேஸ்திரி சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

இதற்கு அடுத்த காரணம் இறுக்கக் குறைவு. கான்கிரீட்டில் 2 விழுக்காடு வெற்றிடம் இருந்தாலே வலிமை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையும். 5 விழுக்காடு இருந்தால் முப்பது விழுக்காடு வரை இழப்பு நேரலாம். எந்தக் கணிப்பு வாய்பாட்டிலும் வைப்ரேட்டர் பிடிக்கும் ஆளின் கைப்பக்குவத்துக்கு இடம் கிடையாது.

7-ஆம் நாள் முடிவை வைத்து 28-ஆம் நாள் வலிமையைச் சொல்லிவிடலாமா?

சொல்லலாம், ஆனால் எந்த விகிதத்தைக் கொண்டு சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். தளங்களில் "ஏழு நாளில் 65 விழுக்காடு" என்ற கணக்கு மனப்பாடமாகப் புழங்குகிறது. அதை விடுத்து, வெளியிடப்பட்ட வாய்பாடுகளையே எடுத்துப் பார்ப்போம். 7-ஆம் நாள் க்யூப் 18 மெகாபாஸ்கல் தந்தது என்று கொள்க.

அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 209-ஆம் குழு தந்த வாய்பாட்டில், ஒரு நாளைய வலிமையின் பங்கு என்பது அந்த நாள் எண்ணை 4 + 0.85 × நாள் என்பதால் வகுத்தால் கிடைப்பது. ஏழுக்கு இது 0.70, ஆகவே 28-ஆம் நாள் 25.6. ஐரோப்பியத் தர நிர்ணயத்தின் வாய்பாட்டில் சிமென்ட் வகைக்கேற்ப ஒரு கெழு உண்டு. விரைவாக இறுகும் சிமென்ட்டுக்கு 0.20, சாதாரணத்துக்கு 0.25, மெதுவாக இறுகுவதற்கு 0.38. ஏழாம் நாள் பங்கு முறையே 0.82, 0.78, 0.68 என்று வருவதால், 28-ஆம் நாள் வலிமை 22, 23.1, 26.3 ஆகிறது. அதாவது ஒரே க்யூப், ஒரே 18. நான்கு கணக்குகள் 22 முதல் 26.3 வரை சொல்கின்றன. எம்25 தேறுமா தேறாதா என்பதே இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

இன்று சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது எரிசாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். எரிசாம்பல், சிமென்ட் வினையில் வெளிப்படும் சுண்ணாம்போடு பின்னர்தான் மெதுவாக வினைபுரிகிறது என்பதால், பிபிசி கான்கிரீட் ஏழாம் நாளில் பின்தங்கி இருந்து, 28-க்குப் பிறகும் கணிசமாக ஏறும். ஓபிசி, அதாவது எரிசாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட், காலத்து விகிதத்தை அதற்குப் போட்டால் நல்ல கான்கிரீட்டைக் குறைத்து மதிப்பிடுவோம். மாறாக, அதிக வெப்பத்தில் ஊற்றிய கான்கிரீட் முதல் வாரத்தில் விரைந்து ஏறி, கடைசியில் மிதமான வெப்பத்தில் ஊற்றியதைவிடக் கீழே நின்றுவிடும். கோடைக் காலத்து ஏழாம் நாள் முடிவைக் கண்டு நிம்மதி அடைவது அவசரம்.

சரியான வழி, உங்கள் தளத்திலேயே 7, 28 ஆகிய இரு நாள் முடிவுகளையும் ஜோடியாகச் சேர்த்துவருவது. முப்பது ஜோடிகள் சேர்ந்தவுடன் அவற்றுக்கு ஒரு தொடர்புக் கோடு வரைந்து, கோட்டிலிருந்து புள்ளிகள் எவ்வளவு விலகுகின்றன என்பதையும் கணக்கிட வேண்டும். கோடு 27 என்று சொல்லி, விலகல் 2 என்று வந்தால், 27-இலிருந்து 1.65 × 2 கழித்துக் கிடைக்கும் 23.7-ஐத்தான் நம்பிக்கையான கீழெல்லையாகக் கொள்ள வேண்டும்.

வயது கூடுவதால் வரும் வலிமையை வடிவமைப்பில் சேர்த்துக்கொள்ளலாமா?

ஐ.எஸ். 456-இன் 1978 பதிப்பு அதற்கு இடம் தந்தது. மூன்று மாதத்துக்கு 1.10, ஓராண்டுக்கு 1.20 என்று பெருக்கிக்கொள்ளலாம் என்றது. 2000 பதிப்பில் அந்தப் பெருக்கெண்கள் இல்லை. பழைய நூல்களில் காண்பவற்றைப் புதிய கட்டடத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒரே நாளில் முடிவு தெரிய வழி உண்டா?

உண்டு. ஐ.எஸ். 9013 தரும் துரித நீராற்று முறை அது. க்யூபை அச்சோடு 23 மணி நேரம் ஈரக்காற்றில் வைத்து, பிறகு கொதிநீரில் மூன்றரை மணி நேரம் இட்டு, இரண்டு மணி நேரம் ஆறவைத்து உடைத்தால் 28½ மணி நேரத்தில் ஒரு வலிமை கிடைக்கும். அதிலிருந்து 28-ஆம் நாள் வலிமை = 8.09 + 1.64 × துரித வலிமை என்று அந்த ஆவணமே ஒரு கோட்டைத் தருகிறது. துரித வலிமை 12 என்றால் 27.8. ஆனால் இந்தக் கோடு ஒரு மாதிரியே. ஒவ்வொரு தளமும் தன் பொருள்களைக் கொண்டு தனக்கான கோட்டை வரைந்துகொள்ள வேண்டும். பெரிய அணை, பாலம், ரெடிமிக்ஸ் ஆலை ஆகியவற்றுக்கு இந்த உழைப்பு தகும். இரண்டு மாடி வீட்டுக்குத் தகாது.

சென்ட்ரிங் பிரிக்கும் நாளை வெப்பநிலையைக் கொண்டு கணிப்பது எவ்வாறு?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வி இதுதான். 1973 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்கைலைன் பிளாசா என்ற அடுக்குமாடிக் கட்டுமானம் சரிந்து 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். சில நாட்களே ஆன கான்கிரீட் தளத்துக்குக் கீழிருந்த முட்டுகளை அகற்றியது காரணம். 1978 ஏப்ரல் 27 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் கட்டப்பட்டுவந்த குளிர்விப்புக் கோபுரத்தின் சாரமும் அச்சுகளும் விழுந்து 51 பேர் இறந்தார்கள். முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட், குளிரான இரவைக் கடந்து, தன்மேல் தாங்கியிருந்த சுமைக்கு வேண்டிய வலிமையை அடையவில்லை என்று அந்நாட்டின் தேசியத் தர நிர்ணய அமைப்பு ஆராய்ந்து கண்டது. இவ்விரு விபத்துகளும் அந்நாட்டில் முதிர்ச்சி முறை என்ற கணிப்பு முறைக்கு வலுவான உந்துதலாயின.

முறையின் கருத்து பிரிட்டனில் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நர்ஸ், சால் ஆகியோரிடமிருந்து வந்தது. ஒரே கலவைக்கு, வெப்பத்தையும் நேரத்தையும் பெருக்கிவரும் கூட்டுத்தொகை சமமாக இருந்தால் வலிமையும் ஏறத்தாழ சமமாக இருக்கும். வெப்பத்தை எண்ணுவதற்கு, வலிமை ஏறுவது நின்றுவிடும் மைனஸ் 10 டிகிரியைத் தொடக்கமாகக் கொள்வது ஒரு வழக்கம். 27 டிகிரி நீரில் 7 நாள் கிடக்கும் க்யூப் 37 × 168, அதாவது 6216 டிகிரி-மணி முதிர்ச்சி பெறும். 32 டிகிரி சராசரியில் உள்ள தளம் இதை 148 மணியில், ஆறு நாளும் சில மணி நேரத்தில், எட்டிவிடும். உதகையில் குளிர்காலத்தில் சராசரி 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே முதிர்ச்சிக்கு 283 மணி, கிட்டத்தட்டப் பன்னிரண்டு நாள் வேண்டும்.

ஐ.எஸ். 456 கூரைத் தளத்தின் (ஸ்லாப்) முட்டுகளை, இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாளிலும், அதற்கு மேல் 14 நாளிலும், உத்தரத்தின் முட்டுகளை 6 மீட்டர் வரை 14 நாளிலும், அதற்கு மேல் 21 நாளிலும் பிரிக்கலாம் என்கிறது. இந்த நாள் கணக்கை எல்லோரும் அறிவார்கள். அதற்கு முன்னால் உள்ள வாக்கியத்தைப் பலர் படிப்பதில்லை. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாமலும், சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் பயன்படுத்தப்பட்டும், நீராற்றல் சரியாக நடந்தும் இருந்தால் மட்டுமே இந்த நாட்கள் பொருந்தும். பிபிசி போட்ட தளத்துக்கும் மலைப்பகுதிக் குளிருக்கும் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அடிப்படை நிபந்தனை நாள் அன்று, வலிமை: பிரிக்கும் நேரத்தில் கான்கிரீட் தாங்கப்போகும் தகைவின் இரு மடங்காவது அதற்கு வலிமை இருக்க வேண்டும். தளத்தின் அருகிலேயே, அதே வெயிலிலும் குளிரிலும் வைத்த க்யூப்களை உடைத்துப் பார்ப்பது முதிர்ச்சிமானி இல்லாதவர்களுக்கு எளிய வழி. நீர்த்தொட்டியில் கிடந்த க்யூப் இதற்கு உதவாது.

சிமென்ட் மூட்டையில் 53 என்று உள்ளதே. கான்கிரீட்டும் 53 வருமா?

வராது. அது, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு தர மணல் சேர்த்த கலவையில், 70.6 மில்லிமீட்டர் க்யூப் 28-ஆம் நாளில் தரவேண்டிய குறைந்த அளவு வலிமை. அந்தத் தர மணல் சென்னையை அடுத்த எண்ணூரிலிருந்து வருவது. இந்தியா முழுவதும் சிமென்ட் சோதனைக்கூடங்களில் எண்ணூர் மணல் என்றே அது வழங்கப்படுகிறது. சிமென்ட்டுகளைத் தம்முள் ஒப்பிடுவதற்கான எண் அது.

இயந்திரக் கற்றல் மாதிரிகள் வலிமையைத் துல்லியமாகக் கணிப்பதாகச் சொல்கிறார்களே, நம்பலாமா?

இத்தகைய ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒரே தரவுத் தொகுப்புதான் மூலம். தைவானைச் சேர்ந்த பேராசிரியர் இ-செங் யே 1998-இல் வெளியிட்ட நரம்பு வலைப்பின்னல் ஆய்வோடு தொடர்புடைய, பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகக் களஞ்சியத்தில் வைக்கப்பட்ட 1030 வரிகள் கொண்ட தொகுப்பு அது. ஒவ்வொரு வரியிலும் எட்டு உள்ளீடுகள்: சிமென்ட், உலைக்கசடு, எரிசாம்பல், நீர், மிகைநெகிழ்வூட்டி, ஜல்லி, மணல், வயது. வெளியீடு, 2.33 முதல் 82.6 மெகாபாஸ்கல் வரையிலான வலிமை. மாணவர்களின் திட்டப்பணிகளிலும் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது.

இதை வைத்து, வலிமையின் மாறுபாட்டில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் விளக்கிவிட்டதாகச் சொல்லும் மாதிரிகள் ஏராளம். அந்த எண்ணைப் படிக்கும்போது மூன்று செய்திகளை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, தொகுப்பில் ஒரே கலவை 3, 7, 28, 90 என்று பல வயதுகளில் பல வரிகளாக இடம்பெறுகிறது. வரிகளைக் குலுக்கிப் பயிற்சிக்கு என்றும் சோதனைக்கு என்றும் பிரித்தால், ஒரு கலவையின் 7-ஆம் நாளும் 90-ஆம் நாளும் பயிற்சியில் சேர்ந்து, அதே கலவையின் 28-ஆம் நாள் சோதனையில் விழும். மாதிரி புதிய கலவையைக் கணிக்கவில்லை; முன்பே பார்த்த கலவையின் இடைப்பட்ட ஒரு புள்ளியைத் தடவிக் கண்டுபிடிக்கிறது. போதாக்குறைக்கு, எல்லா நெடுவரிசைகளும் ஒத்த இரட்டை வரிகளும் தொகுப்பில் உள்ளன. வரிவாரியாக அன்றி, கலவைவாரியாகப் பிரித்துச் சோதித்தால்தான் உண்மையான பிழை தெரியும். ஆய்வறிக்கையில் இந்தப் பிரிப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று எழுதப்படவில்லையென்றால், அதில் உள்ள துல்லியக் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை.

இரண்டாவது, வலிமையின் வீச்சு அகலமாக இருக்கும்போது விளக்கப்பட்ட மாறுபாடு தானாகவே பெரிதாகத் தெரியும். ஒரு நாள் வயதுள்ள கான்கிரீட்டையும் ஓராண்டு வயதுள்ளதையும் வேறுபடுத்திக் காட்டுவது கடினமன்று. தளத்தில் நமக்கு வேண்டியது, எம்25 என்று திட்டமிட்ட கலவை 24-ஆ 29-ஆ என்பது. சராசரிப் பிழை 4 அல்லது 5 மெகாபாஸ்கல் உள்ள மாதிரி அந்தக் கேள்விக்கு விடை தர இயலாது, ஐ.எஸ். 10262 எந்தத் தரவும் இல்லாதபோது கொள்ளச் சொல்லும் திட்ட விலக்கமே 4 தான்.

மூன்றாவது, எட்டு உள்ளீடுகளில் ஜல்லி எந்தப் பாறை, எம்-சாண்டில் தூள் எவ்வளவு, சிமென்ட்டின் நுண்மை என்ன, ஊற்றியபோது வெப்பம் எவ்வளவு, இறுக்கம் எப்படி என்பவை எதுவும் கிடையாது. வேறு நாட்டுப் பொருள்களில் பயின்ற மாதிரி, கரூர் ஜல்லிக்கும் உங்கள் பிபிசிக்கும் என்ன சொல்லும் என்பதற்கு அந்தத் தொகுப்புக்குள் சான்று இல்லை. முடிவு மரங்களின் கூட்டால் அமைந்த மாதிரிகள், தாம் பயின்ற வீச்சுக்கு வெளியே போகும்போது எல்லை எண்ணிலேயே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக இந்த முறைகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான கனமீட்டர் ஊற்றும் ரெடிமிக்ஸ் ஆலை, தன் ஈரமானி அளவு, நீர் அளவு, லாரி புறப்பட்ட நேரம், வெப்பநிலை, 7-ஆம் நாள், 28-ஆம் நாள் முடிவுகள் ஆகியவற்றைச் சில ஆண்டுகள் ஒழுங்காகச் சேர்த்திருந்தால், அந்தத் தரவில் பயின்ற எளிய மாதிரியே வெளியூர்த் தரவில் பயின்ற நுட்பமான மாதிரியை மிஞ்சும். பழைய மாதங்களில் பயிற்றுவித்து, புதிய மாதங்களில் சோதிக்க வேண்டும்.

சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவை எவ்வளவு நம்பகமானவை?

சுவிட்சர்லாந்தின் ஏர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940-களின் இறுதியில் உருவாக்கிய மீள்தெறிப்புச் சுத்தியல், மேற்பரப்பின் கடினத்தை அளக்கிறது. அதிலிருந்து சொல்லும் வலிமைக்குக் கூட்டியும் குறைத்தும் 25 விழுக்காடு பிழை இருக்கலாம் என்று ஐ.எஸ். 13311-இன் இரண்டாம் பகுதியே ஒப்புக்கொண்டது. பழைய கட்டடங்களில் காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பைக் கடினமாக்கிவிடுவதால் எண் மிகைப்படும். ஈரமான பரப்பில் குறைவாகக் காட்டும். மீயொலி வேகம் உள்ளே பொந்துகளும் விரிசல்களும் உண்டா என்பதைக் காட்டும். அந்த ஆவணத்தின் முதல் பகுதி நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் மிக நன்று என்றும், 3-க்குக் கீழ் இருந்தால் ஐயத்துக்குரியது என்றும் வகைப்படுத்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒரு தூணை இன்னொரு தூணோடு ஒப்பிட இவை மிகவும் பயன்படும்; தூணின் வலிமை இத்தனை மெகாபாஸ்கல் என்று சான்றிதழ் எழுத, கட்டடத்திலிருந்து துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டுகளான கோர்கள் சிலவற்றையாவது உடைத்து ஒப்பீட்டுக் கோடு வரைந்திருக்க வேண்டும்.

க்யூப் முடிவு குறைந்துவிட்டால் கட்டடத்தை இடிக்க வேண்டுமா?

முதலில் ஒரு மாதிரியில் அடங்கும் மூன்று க்யூப்களையும் பாருங்கள். 26, 27, 20 என்றால் சராசரி 24.3, கடைசி க்யூப் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருப்பதால் அந்த மாதிரியே செல்லாது. க்யூப் சரியாகப் போடப்பட்டதா என்பதை விசாரிக்க வேண்டிய நிலை அது.

மாதிரி செல்லும் என்றால், அடுத்து நான்கு மாதிரிகளின் சராசரி பார்க்கப்படும். 2013-இல் திருத்தப்பட்ட விதியின்படி எம்25-க்கு எந்தத் தனி மாதிரியும் 22-க்குக் கீழே போகக்கூடாது. அடுத்தடுத்த நான்கின் சராசரி குறைந்தது 28 இருக்க வேண்டும், தளத்தின் திட்ட விலக்கத்தைப் பொறுத்து அதற்கும் மேலே. 29, 27, 31, 24 என்ற நான்கும் தனித்தனியே தேறும். ஆனால் சராசரி 27.75 என்பதால் தொகுதி தேறாது. "ஒவ்வொன்றும் 25-ஐ ஒட்டித்தானே இருக்கிறது" என்ற வாதம் இங்கே எடுபடாது.

அதன்பிறகே கோர் எடுப்பது. குறைந்தது மூன்று கோர்கள். க்யூபுக்கு நிகராக மாற்றிய அவற்றின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 விழுக்காடும், எந்தத் தனிக் கோரும் 75 விழுக்காடும் இருந்தால் அந்தப் பகுதியை ஏற்கலாம். எம்25-க்கு இவை 21.25, 18.75. இந்தத் தளர்வு சலுகை அன்று. முதல் கேள்வியில் சொன்ன க்யூபுக்கும் தூணுக்கும் உள்ள வேறுபாட்டின் எண் வடிவம்.

வெளிநாட்டுக் கலவை அட்டவணைகளை அப்படியே பயன்படுத்தலாமா?

அமெரிக்காவில் 150 மில்லிமீட்டர் விட்டமும் 300 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உருளையை உடைக்கிறார்கள். இயந்திரத் தட்டுகளின் உராய்வுப் பிடி உருளையின் நடுப்பகுதியை எட்டாததால், அதே கான்கிரீட் க்யூபில் தருவதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையே உருளையில் தரும். அங்கே 28 என்பது இங்கே ஏறத்தாழ 35. இணையத்தில் கிடைக்கும் தரவு க்யூபா உருளையா என்று குறிப்பிடாவிட்டால், அதைப் பயன்படுத்தாமல் விடுவதே நல்லது.

செங்கல் சுவரின் வலிமையைச் செங்கல்லின் வலிமையிலிருந்து கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு. செங்கல், அதை இணைக்கும் சிமென்ட்-மணல் கலவை இரண்டின் வலிமைகளையும் வெவ்வேறு அடுக்குகளில் உயர்த்திப் பெருக்குவதே வழக்கமான வாய்பாடு. ஐரோப்பியத் தர நிர்ணயம் செங்கல்லுக்கு 0.7, கலவைக்கு 0.3 என்ற அடுக்குகளைத் தருகிறது. செங்கல்லின் வலிமையை இரட்டித்தால் சுவர் 62 விழுக்காடு கூடும். கலவையை இரட்டித்தால் 23 விழுக்காடுதான். இந்தியச் செங்கற்களைச் சோதித்த கான்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2007-இல் செங்கல்லுக்கு 0.49, கலவைக்கு 0.32, இவற்றின் பெருக்கத்தை மேலும் பெருக்கும் முன்கெழு 0.63 என்று கண்டார்கள். 7.5 மெகாபாஸ்கல் செங்கல்லும் 5 மெகாபாஸ்கல் கலவையும் இதில் 2.8 அளவுக்குச் சுவர் வலிமை தரும். ஐரோப்பிய வாய்பாடு, முன்கெழு 0.55 என்று கொண்டால், 3.65 என்று மிகையாகச் சொல்லும்.

தென்னிந்தியச் சூளைச் செங்கற்களில் பல, 1:4 சிமென்ட் கலவையைவிட விறைப்புக் குறைந்தவை. பாடநூல் கோட்பாடு, விறைப்பான செங்கல்லுக்கு நடுவே மென்மையான கலவை பிதுங்கிச் செங்கல்லைப் பிளப்பதாகக் கொள்கிறது. இங்கே நிலைமை தலைகீழ் என்பதால் அந்தக் கோட்பாட்டின் மேல் எழுந்த வாய்பாடுகளை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். மென்மையான செங்கல்லுக்குச் சிமென்ட் மிகுந்த கலவை போடுவதால் சுவர் பெரிதாக வலுக்காது. செங்கல்லை நனைத்துக் கட்டுவதிலும், இணைப்பை மெல்லியதாக வைப்பதிலும் காட்டும் கவனம் கூடுதல் பலன் தரும்.

செம்புரைக்கல்லுக்கு ஐ.எஸ். 3620 கேட்பது சராசரி 3.5 மெகாபாஸ்கல் மட்டுமே. அதற்கும் காற்றுக்குமிழ்க் கட்டிக்கும் அடர்த்தியே முதல் குறியீடு. எடை போட்டுப் பார்ப்பது மலிவான கணிப்பு.

சொந்த வீட்டுக்கு எத்தனை க்யூப் எடுக்க வேண்டும்?

ஒரு நாளில் ஊற்றும் கான்கிரீட் 5 கனமீட்டர் வரை என்றால் ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 50 கனமீட்டருக்கும் ஒன்று கூடுதல். ஒரு மாதிரி என்பது 28-ஆம் நாளுக்கான மூன்று க்யூப். 7-ஆம் நாள் பார்க்கவேண்டுமென்றால் இன்னும் மூன்று. சென்ட்ரிங் பிரிக்கும் முன் உடைக்க, தளத்தின் மேலேயே ஈரச்சாக்கு போர்த்தி வைக்க, மற்றொரு மூன்று. ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு ஏறத்தாழ 12 கனமீட்டர் பிடிக்கும் என்பதால் இரண்டு மாதிரிகள் வேண்டும். இரண்டையும் ஒரே லாரியிலிருந்து எடுக்காமல், ஊற்றத் தொடங்கியபோது ஒன்றும் முடியும் தறுவாயில் ஒன்றுமாக எடுக்க வேண்டும். க்யூபின் மேல் நாளையும் தளத்தின் பகுதியையும் ஆணியால் கீறி எழுதி, லாரிச் சீட்டின் எண்ணையும் நீரளவையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள்.